கடல் அலையும் பீசோ தகடும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவள் மாற்றலாகிச் சென்னைக்கே வந்துவிட்டாள். வீடு முழுக்கப் பேரன் சத்தம்தான்.

சரி, உன் மகளின் புராஜெக்ட்டுக்கு வருகிறேன். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் பீசோ தகடுகளை, அதாவது அழுத்தினால் மின்சாரம் தரும் தகடுகளைப் பதித்து, அலை மோதும் அழுத்தத்தில் மின்சாரம் எடுத்துத் தெருவிளக்கு எரிக்க வேண்டும் என்கிறாள். பிள்ளையின் ஆசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் தெருவிளக்கை மட்டும் விட்டுவிடச் சொல்.

காரணத்தை உங்கள் அடுப்படியிலேயே பார்க்கலாம். கேஸ் லைட்டரை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி பீசோ துண்டை அடிக்கிறது. பல ஆயிரம் வோல்ட் எழும்பிப் பொறி பறக்கிறது. வோல்ட் அதிகமே தவிர, அந்தப் பொறியில் இருக்கும் ஆற்றல் சில மில்லிஜூல்தான் (ஒரு ஜூலில் ஆயிரத்தில் சில பங்கு; ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல்). 9 வாட் பல்பு ஒன்று எரிய வேண்டுமானால் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்த வேண்டும். கடலோ எட்டுப் பத்து நொடிக்கு ஒரு தடவைதான் அழுத்துகிறது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்ததிலிருந்து சோனார், அல்ட்ராசவுண்ட், குவார்ட்ஸ் கடிகாரம் என்று பீசோ பேர் வாங்கியது பெரும்பாலும் வேகமான அதிர்வு உள்ள வேலைகளில்தான்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு, அவள் உழைக்க வேண்டிய இடமும் அதுதான். அலையின் மெதுவான ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு பீசோ பட்டையைச் சுண்டிவிட வேண்டும். வீணைத் தந்தி மாதிரி, விரல் ஒரு தடவை பட்டாலும் பட்டை தன் சொந்த அதிர்வெண்ணில் பல தடவை ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் மின்சாரம். பட்டைக்கு என்ன பொருள் என்று கேட்பாள். பி.இசட்.டி. என்ற பீங்கான் வகை நிறைய மின்னூட்டம் தரும், ஆனால் பீங்கான் ஆனதால் விரிசல் விடும், அதில் ஈயமும் இருக்கிறது. பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் படலம் நன்றாக வளைந்து கொடுக்கும், தரும் மின்னூட்டம் குறைவு. கடலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் ஓஷன் பவர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் 2001 வாக்கில், நீரோட்டத்தில் விலாங்குபோல் நெளியும் பி.வி.டி.எஃப். பட்டைகளைச் சோதித்துப் பார்த்தது. பிறகு அவர்கள் கொண்டுவந்த பெரிய மிதவைகளில் வழக்கமான ஜெனரேட்டர்தான்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். கேரளத்து விழிஞ்சத்தில் சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று 1991-இல் அமைத்த 150 கிலோவாட் நிலையம் அலையால் காற்றைத் தள்ளி டர்பைனைச் சுழற்றியது. 2022 நவம்பரில் உங்கள் தூத்துக்குடிக் கடலிலேயே, கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில், அதே ஐ.ஐ.டி.யின் 'சிந்துஜா-1' என்ற அலை மின்சார மிதவை சோதிக்கப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு பெரிய மிதவை கொடுத்ததே 100 வாட்தான். மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடலில் அந்த 100 வாட்டைப் பெறுவது எவ்வளவு பெரிய பாடு என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பீசோ தரும் மில்லிவாட்டே போதும் என்கிற வேலையும் கடலில் இருக்கிறது. நீரின் வெப்பம், உப்பு, அலை உயரம் அளக்கும் சென்சார்கள் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது விழித்து அளந்தால் போதும். நடுக்கடலில் பேட்டரி மாற்றக் கப்பலை அனுப்ப வேண்டியிருக்கிறது. சோலார் தகடு மேலே வெயிலில் உதவும், நீருக்கடியில் உதவாது. கடலுக்குப் போகிறவனுக்கு முந்தின நாளே அலை உயரம் சொல்லும் கணிப்பைச் சரிபார்ப்பதே இப்படிப்பட்ட கருவிகள்தான். உங்கள் ஊர்ப் பிள்ளை இந்தக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் வாளித் தண்ணீரில் வேண்டாம் என்று சொல். மேசை மேல் ஒரு மோட்டாரை நிமிடத்துக்கு ஆறு சுற்று ஓடவிட்டுப் பட்டையைச் சுண்டட்டும். முன்னும் பின்னும் மாறும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப ரெக்டிஃபையர் போட்டு, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜூல் சேர்ந்தது என்று எழுதட்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். அப்புறம் அதே பட்டையை உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறவிட்டுத் திரும்ப அளக்கட்டும்; ஒட்டிய இடங்களில் நீர் புகுந்துவிட்டால் எல்லாம் போச்சு.

என்னிடம் மின் அலையைத் திரையில் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று சும்மா கிடக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். மேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
ராஜாமணி