டொலேடோ முதல் கிரனாடா வரை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடியின் துணையில்லாமல் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிட்டீர்கள் என்று தங்கள் கடிதத்தில் படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம். ஸ்பெயின் பயணத்தைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டிருந்தீர்கள். வழிகாட்டியுடன் கூட்டமாகப் பேருந்தில் போய்வருவது நம் வயதுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாட்ரிட்டில் புறப்பட்டு டொலேடோ, கொர்தோபா, செவில், கிரனாடா என்று தெற்கு நோக்கி இறங்குவதுதான் பேருந்தின் வழித்தடம். சாலை வசதியைப் பார்த்து வகுத்த வரிசைதான் என்றாலும், காஸ்டில் என்ற கிறித்தவ நாட்டின் அரசர்கள் அந்நகரங்களை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றிய வரிசையும் இதுவே: 1085, 1236, 1248, 1492. நானூறு ஆண்டு வரலாற்றை நடந்த முறைப்படியே கண்ணால் பார்த்துக்கொண்டு போகிறோம் என்பது புரிந்ததும், என் மனத்தில் ஒரே கேள்விதான் நின்றது: தோற்றவர்கள் கட்டி வைத்ததை வென்றவர்கள் என்ன செய்தார்கள்?

டொலேடோவில் அதற்குக் கிடைத்த முதல் பதில் வருத்தம் தருவது. நகரம் சரணடைந்தபோது பெரிய பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று ஆறாம் அல்போன்சோ வாக்களித்திருந்தார். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அரசியும் பேராயரும் அதைப் பறித்துக்கொண்டார்கள். சினத்தோடு திரும்பிய அரசரிடம், குற்றவாளிகளை மன்னித்துவிடுமாறு ஒரு முஸ்லிம் மார்க்க அறிஞரே வந்து மன்றாடினார் என்பது அவ்வூர் மரபு. பள்ளிவாசல் இருந்த இடத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய பேராலயத்தின் பலிபீடப் பகுதியில் அந்த அறிஞருக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி சுட்டிக்காட்டியிராவிட்டால், அத்தனை புனிதர்களின் சிலைகளுக்கு நடுவே அது என் கண்ணில் பட்டிருக்காது.

அங்கிருந்து கொர்தோபாவுக்குப் போகும் நெடுஞ்சாலை, லா மான்சாவின் சமவெளியைக் கடந்து தெஸ்பென்யபெர்ரோஸ் கணவாய்க்குள் நுழைகிறது. 1212இல் கிறித்தவப் படைகள் முஸ்லிம் படையை வென்ற லாஸ் நாவாஸ் தெ தொலோசா போர்க்களம் அந்தக் கணவாயின் அருகில்தான் இருக்கிறது. அந்த ஒரு வெற்றி குவாதல்கிவிர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கதவைக் காஸ்டிலுக்குத் திறந்துவிட்டது. அடுத்த 24 ஆண்டுகளில் கொர்தோபா வீழ்ந்தது. வரைபடத்தில் எத்தனை முறை பார்த்தாலும் விளங்காத இது, மலை சட்டென்று முடிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஹயேன் மாகாணத்தின் ஒலிவத் தோப்புகள் விரியும்போது ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது. விமானத்திலோ அதிவேக ரயிலிலோ போயிருந்தால் இதை இழந்திருப்பேன்.

கொர்தோபாவைப் பற்றித் தங்களுக்குத் தனியாகவே எழுத வேண்டும். பொதுப்பணித் துறையில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் அந்தப் பள்ளிவாசலுக்குள் என் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். கொர்தோபாவை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 780களில் தொடங்கிய கட்டடம் அது. இரண்டு நூற்றாண்டுகளில் மும்முறை விரிவுபடுத்தப்பட்டு, இன்றும் 856 தூண்களோடு நிற்கிறது. தொடக்கக் காலத் தூண்களில் பெரும்பாலானவை பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் அங்கே ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்துவந்தவை. ஒன்றின் கல் மற்றொன்றில் இல்லை; சில பீடத்தின்மேல் நிற்கின்றன, சில தரையிலிருந்தே எழுகின்றன. அந்தக் குட்டையான தூண்களை வைத்துக்கொண்டு உயர்ந்த கூரை அமைப்பதற்காக, ஒரு வளைவின்மேல் மற்றொரு வளைவாக இரண்டடுக்கு கட்டினார்கள். கீழ் வளைவு தூண்கள் சாயாமல் இழுத்துப் பிடிக்கிறது. மேல் வளைவு கூரையைச் சுமக்கிறது. சிவப்புச் செங்கல்லும் வெளிறிய கல்லும் மாறி மாறி வரும் அந்த வளைவுகளின் அழகைப் புகழாதவர் இல்லை. அந்த அழகு ஒரு கட்டுமானச் சிக்கலுக்குக் கண்ட தீர்விலிருந்து பிறந்தது என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது.

இந்தத் தூண்களின் நடுவே சென்றுகொண்டிருக்கும்போது, திடீரென்று வானளாவ எழும் ஒரு கிறித்தவப் பேராலயத்துக்குள் வந்து நிற்கிறோம். 1236இல் காஸ்டில் அரசர் மூன்றாம் பெர்டினாண்ட் பள்ளிவாசலைத் தேவாலயமாக்கியபோது கட்டடத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அது அவ்வாறே இருந்தது. 1523இல்தான் ஆயரும் பேராலயக் குருக்களும் நடுப்பகுதியை இடித்துக் கட்ட முற்பட்டார்கள். கொர்தோபா நகர மன்றம், இடிக்கும் வேலையில் இறங்குகிறவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவிக்கும் அளவுக்கு எதிர்த்து நின்றது. எதிர்த்தவர்களும் கிறித்தவர்களே என்பதை எண்ணிப் பாருங்கள். தங்கள் ஊரின் பெருமை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போயிற்று. அவர் ஆயரின் பக்கம் தீர்ப்பளித்தார். பின்னர் வந்து பார்த்தபோது, எங்கும் காணக்கூடிய ஒன்றைக் கட்டுவதற்காக எங்கும் காணமுடியாத ஒன்றை அழித்துவிட்டீர்கள் என்று அவர் வருந்தியதாக ஒரு பேச்சு வழங்குகிறது.

வெற்றியின் கணக்கு இரு பக்கமும் எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 997இல் கொர்தோபாவின் முஸ்லிம் படைத்தலைவர் அல்மன்சூர் வடக்கே சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவைச் சூறையாடி, தேவாலய மணிகளைக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொர்தோபாவுக்குக் கொண்டுவந்தார். பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கிய அந்த மணிகளை, 1236க்குப் பிறகு முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றி வடக்கே திருப்பி அனுப்பினார்கள் என்று பழைய வரலாற்றேடுகள் கூறுகின்றன. இத்தகைய இடத்துக்குப் பயண நிரலில் இரண்டு மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். கூட்டப் பயணத்தில் எனக்குள்ள பெரிய குறை அதுதான்.

செவிலில் பள்ளிவாசலை இடித்துவிட்டுப் பேராலயம் எழுப்பினார்கள்; ஆனால் 1198இல் முடிந்த அதன் மினாராவை (தொழுகைக்கு அழைக்கும் கோபுரத்தை) மணிக்கூண்டாக்கிக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஹிரால்டா என்ற அந்தக் கோபுரத்துக்குள் படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகும்படி அமைத்தது என்கிறார்கள். தங்கள் முழங்காலுக்கும் அது ஏற்றதே. அருகிலுள்ள அல்காசர் அரண்மனையில், முதலாம் பேத்ரோ என்ற கிறித்தவ அரசர் 1364இல் முஸ்லிம் கைவினைஞர்களைக் கொண்டு கட்டிய கூடங்களின் சுவர்களில், அவரைச் ‘சுல்தான்’ என்றே வாழ்த்தும் அரபு எழுத்துகளைப் பார்த்தபோது, டொலேடோவில் தொடங்கிய வருத்தம் சற்றுத் தணிந்தது.

கிரனாடாவின் குன்றின்மேலுள்ள கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவில் தங்களை அதிகம் நினைக்க வைத்தது தண்ணீர். 1238இல், கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் வம்சமான நஸ்ரித் வம்சத்தின் முதல் அரசர், தாரோ ஆற்றில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் மேலே தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டி, தரைமட்டச் சரிவைக் கொண்டே குன்றின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஹெனரலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. அதன் இருபக்கக் கைப்பிடிச் சுவர்களின் மேற்புறமே வாய்க்கால். கைப்பிடியென்று நினைத்துக் கை வைத்தால், விரல்களின் மேல் குளிர்ந்த தண்ணீர் விரைந்து ஓடுகிறது. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சலவைக்கல் சிங்கங்கள் சுமக்கும் தொட்டியைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு சம்ராக்கின் கவிதை பொறித்திருக்கிறது. ஓடுவது நீரா சலவைக்கல்லா என்று பிரித்தறிய முடியவில்லை என்று அதில் அவர் வியக்கிறார்.

அந்த அழகுக்கு அருகிலேயே, சதுரத்துக்குள் வட்ட முற்றம் வைத்து ஐந்தாம் சார்லஸ் கட்டத் தொடங்கிய அரண்மனை நிற்கிறது. அதன் செலவில் ஒரு பகுதியை, மதம் மாற வற்புறுத்தப்பட்ட கிரனாடா முஸ்லிம்களிடமே வரியாக வசூலித்தார்கள். அது 20ஆம் நூற்றாண்டு வரை கூரையில்லாமல் கிடந்தது. 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் சரணடைந்தபோது அளித்த சமய உரிமை வாக்குறுதி பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 31 அன்று யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணை இந்த அல்ஹம்ப்ராவில்தான் கையெழுத்தாயிற்று. கட்டடங்களில் பலவற்றைக் காப்பாற்றியவர்கள் அவற்றைக் கட்டிய மக்களைக் காப்பாற்றவில்லை. கிரனாடாவை விட்டுக் கிளம்பும்போது என்னால் மறக்க முடியாமல் போனது இதுதான்.

இனித் தங்கள் இரண்டாவது கேள்வி. நான்கரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீர வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே கால் நீட்ட அடிக்கடி வாய்ப்புக் கிடைக்கும். பழைய நகரத் தெருக்களுக்குள் பேருந்து போகாது. அங்கெல்லாம் உருண்டைக் கற்கள் பாவிய ஏற்ற இறக்கங்களில் நடந்தாக வேண்டும். டொலேடோவில் மட்டும் மேலே போக நகரும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியின் குரல் காதுக்கருவி வழியே வருவதால், பின்தங்கி மெதுவாக நடந்தாலும் விளக்கம் தவறிப்போகாது. அல்ஹம்ப்ராவின் உள் அரண்மனைகளுக்கு நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்தில் போகாவிட்டால் விடமாட்டார்கள். சீட்டில் கடவுச்சீட்டு எண்ணும் பெயரும் சரியாக இருக்க வேண்டும். கோடை வெயில் 40 பாகையைத் தாண்டும். ஏப்ரலோ அக்டோபரோ நல்லது.

கற்பாவிய மேட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நடக்கலாமா என்று தங்கள் மருத்துவரிடம் இதே சொற்களில் கேட்டுப் பதில் எழுதுங்கள். அவர் சம்மதித்தால், வரும் அக்டோபரில் கொர்தோபாவில் இரண்டு இரவுகள் தங்கும் பயணத் திட்டமாகப் பார்த்து, இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்