இணைய அழைப்பிலும் 108, 112 கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, தொண்டி போன்ற ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போரின் குடும்பங்கள் பலவும் வைஃபை வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. கைபேசியில் வாட்ஸ்அப்பை மட்டுமே இயக்கத் தெரிந்த முதியவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செயலியிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ அழைக்க வழியில்லை. படகு கரை திரும்பவில்லை என்றால் தகவல் சொல்ல வேண்டிய கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் இதே நிலைதான்.

இணையத் தொலைபேசி குறித்துத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் அளித்த பரிந்துரை, அவசர எண்களை இணைத்துத் தருமாறு நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம் என்றது. அழைப்பவர் இருக்குமிடம் தெரிவதில்லை என்பதே இதில் முக்கியமான சிக்கல். செல் அழைப்பென்றால் கோபுரத்தைக் கொண்டு இடத்தை ஓரளவு அறியலாம். இணைய அழைப்பில் அது இயலாது. எனினும், தொலைபேசி வலையமைப்போடு இணைந்த இணைய அழைப்பு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பதிவு முகவரியுடன் 911 என்ற அந்நாட்டு அவசர எண் சேவையைத் தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 2005-லேயே உத்தரவிட்டுவிட்டது. இங்கும் பிராட்பேண்ட் இணைப்பு வாங்கும்போது கதவு எண், தெரு உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறோம். அந்த முகவரியையே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பச் செய்யலாமே! 'இப்போதைக்கு' என்ற சலுகையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நீட்டிப்பது நியாயமாகப் படவில்லை.

இன்னொரு குறை எங்கள் ஊர்களுக்கே உரியது. துபாயிலிருக்கும் மகன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே தனியாக இருக்கும் தாய் மயங்கி விழுந்தால், மகன் அங்கிருந்து 108 என்று அழுத்துவதால் பயனில்லை. அண்டை வீட்டார் யாருடைய எண்ணாவது கிடைக்கிறதா என்று தேடித் தவிக்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்தும் அழைக்கத்தக்க வகையில், ராமநாதபுரத்தின் தொலைபேசிக் குறியீடான 04567 எனத் தொடங்கும் முழு எண் ஒன்றை ஆம்புலன்ஸ் உதவிக்கென ஒதுக்கி, ஜமாஅத்துகள், கோயில்கள், தேவாலயங்கள் வாயிலாக மாவட்ட நிர்வாகம் பரப்பினால், சட்டம் திருந்தும் வரை காத்திருக்காமலே பல உயிர்களைக் காக்கலாம்.

சேவையின் வரம்புகளைச் சந்தாதாரர்களுக்கு ஐயமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பதும் டிராயின் அதே பரிந்துரையில் உள்ளது. ஆங்கில ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடுவது தெரிவித்ததாகாது. மின்சாரம் நின்றால் மோடமும் நின்றுவிடும் என்பதையும், அவசரத்துக்குச் சாதாரண செல் அழைப்பையே பயன்படுத்த வேண்டும் என்பதையும், இணைப்புக் கொடுக்க வரும் ஊழியரே தமிழில் எடுத்துச் சொல்லி, மோடத்தின் மீது ஒட்டிவிட்டுச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை.