அகத்தியனுக்குக் கீழே

நாகர்கோவில்,
21 ஜனவரி 2026

அன்புள்ள தாணு,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்குத் தை பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை என்பதால் சொல்லவில்லை. வீட்டில் அனைவரும் நலம். சுசீந்திரம் வீட்டுக்கு வரி கட்டியாயிற்று. ரசீது ஜெபாவிடம் இருக்கிறது. கிணற்றடித் தென்னை இன்னும் விழவில்லை. மெல்போர்னில் இப்போது கோடை என்று நினைக்கிறேன். தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. ஊர்ச்செய்தி இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை அமாவாசை இரவில், சொத்தவிளைக் கடற்கரையிலிருந்து, பெரிய மெகல்லன் மேகம் என்ற கேலக்ஸியைப் படம் எடுத்துவிட்டேன். ஆம், அதே சொத்தவிளை. 1987 மார்ச்சில், அந்த மேகத்தில் வெடித்த விண்மீனைத் தேடி, நீ, ஜெபா, நான் மூவரும் இரண்டு மிதிவண்டிகளில் போய்த் திரும்பிய, அதன் பிறகு உனக்கு 'டெலஸ்கோப்' என்ற பெயர் நிலைத்துப்போன, அதே கரை.

உனக்கு இதன் அருமை புரியாது. மெல்போர்னில் அந்த மேகம் ஓர் இரவுகூட மறைவதில்லை. அது மிகவும் தாழ்ந்து நிற்கும் நேரத்திலும் உன் தெற்கு வானில் 17 பாகை உயரத்தில் இருக்கும். எனக்கோ அது உச்சிக்கு வரும் நேரத்திலேயே 12 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கிக் கடல்விளிம்பின் மேல் வைத்தால், முட்டிக்கு மேலே ஒரு விரல் அகலம். இந்தியப் பெருநிலத்தில் இதைவிட உயரத்தில் அதைக் காண வேறு மாவட்டம் கிடையாது. சென்னையில் 7 பாகை என்றால் பார்த்துக்கொள். 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒரு கேலக்ஸி முழுவதும், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகும் உன் தலைக்கு மேல் தொங்குகிறது; நீ குனிந்து மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுகிறாய்.

இதற்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானம் சுழலும் வேகத்தில் கேமராவையும் திருப்பும் ட்ராக்கர் ஒன்றை ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டுமாம். நம் ஊர் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் 8 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதை வாங்கிய பிறகே யோசித்தேன். தெற்கே நான் தேடும் பொருள் புகைமூட்டத்தில் கிடக்க, அதைத் தேட உதவ வேண்டிய வழிகாட்டி வடக்கே தென்னந்தோப்புக்குப் பின்னால் கிடந்தது. டிசம்பரில் மூன்று இரவுகள் தோப்பின் இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதினால் கடிதம் நீளும்.

பிறகு ஒரு நாள், பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, நாம் படித்த இயற்பியல் இவ்வளவு தாமதமாகவேனும் உதவிக்கு வந்தது. அந்த மேகம் வானத்தின் தென்துருவத்திலிருந்து 20 பாகை தள்ளித்தான் இருக்கிறது. செக்கின் நடுமரத்துக்கு அருகே இருக்கும் புள்ளி, வெளியே மாடு நடக்கும் வேகத்தில் நகராது அல்லவா? வான நடுக்கோட்டில் இருக்கும் விண்மீனின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இதற்கு. எனவே 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு, ட்ராக்கரே இல்லாமல், வெறும் ட்ரைபாடில் 15 விநாடிவரை விண்மீன்கள் கோடாக இழுபடாமல் படம் எடுத்துவிடலாம். மேகமும் வானில் பத்துப் பாகை அகலம் கொண்டது, டெலஸ்கோப் எதற்கு? (உன்னைச் சொல்லவில்லை.) ட்ராக்கர் இப்போது பீரோவின் மேல் இருக்கிறது.

அமாவாசையன்று கன்னியாகுமரியில் தர்ப்பணக் கூட்டமும் வெளிச்சமும் இருக்கும் என்பதால்தான் சொத்தவிளைக்குப் போனேன். அங்கும் இப்போது உயர்கோபுர விளக்கு உண்டு. அதற்கு முதுகைக் காட்டி, கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளம் ஒன்றின் மறைவில் ட்ரைபாடை மணலில் புதைத்து நிறுத்தினேன். எட்டு மணி முதல் பதினொன்றரை மணிவரை மேகம் பத்துப் பாகைக்கு மேலே இருக்கும். உப்புக்காற்று இருபது நிமிடத்துக்கு ஒரு முறை லென்ஸின் முகத்தை மங்கலாக்கியது; துடைத்துத் துடைத்து, 15 விநாடி வீதம் முந்நூறு படங்கள் எடுத்தேன். அவ்வளவும் ஏன் தேவை என்றால், 12 பாகையில் வரும் ஒளி, தலைக்கு மேலே உள்ளதைப்போல நாலரை மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. ஈரமான கடற்கரைக் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஒளி வழியிலேயே தொலைந்துபோகும். அதிலும் நீலம்தான் முதலில் போகும். ஒவ்வொரு படத்திலும் எஞ்சியிருக்கும் அற்ப ஒளியைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்தான் படத்தின் இரைச்சல் (பொய்ப் புள்ளிகள்) அடங்கி உருவம் தேறும். இளைஞர்கள் வெளியிடும் படங்களில் நீலமாக மின்னும் அந்தக் கேலக்ஸி என் படத்தில் பனங்கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். நம் கரையிலிருந்து அதன் நிறம் அதுதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது படத்தைப் பற்றி அல்ல.

பத்து மணிக்குச் சற்று முன்பு, மேகம் சரியாக உச்சியில் இருந்த நேரத்தில், கேமரா தன் போக்கில் எடுத்துக்கொண்டிருக்க, நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸிலிருந்து அகத்திய விண்மீனுக்கு இறங்கி, இறங்கியதில் பாதித் தூரம் இன்னும் கீழே போனால் அந்த இடம். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பார்வையைச் சற்று விலக்கினால், ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையின் தடம்போல ஏதோ ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் வள்ளத்துக்காரர் வந்து, "சாரே, என்ன பார்க்கிய?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன், அங்கே ஒன்றும் இல்லை என்றார். கடலில் இரவைக் கழிக்கிற கண்கள் அவருடையவை. சத்தியம் செய் என்று அவர் கேட்டிருந்தால் என்னால் செய்திருக்க முடியாது, தாணு. ஆனாலும் நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உறக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 1987இன் அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில், நாம் தேடிப் போன வெடித்த விண்மீனின், அதாவது சூப்பர்நோவாவின், பிரகாச எண் சுமார் 4.5 (எண் கூடக்கூட மங்கல்), காற்று விழுங்குவது 1.3, ஆக நம் கரைக்கு வந்து சேர்ந்தது 5.8. நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கு எல்லை 6 என்பார்கள். அன்று விளக்குக் கோபுரம் இல்லை. உனக்கு வயது 19. மங்கலான பொழுது முடிந்த நேரத்தில் மேகமும் உச்சியை ஒட்டித்தான் நின்றது. அதாவது, நீ பார்த்திருக்க முடியும். மிக நெருக்கமான கணக்குதான், ஆனாலும் முடியும்.

நீ விரலை நீட்டியபோது ஜெபா உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு "இருக்கு போலத் தோணுது" என்றான். நான்தான் அது வள்ளத்து விளக்கு என்று சொன்னேன். மறுநாள் வகுப்பில் அதை நடித்துக் காட்டியதும், கல்யாணப் பந்தலில் உன் மாமனார் முன்னால் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததும் நான்தான். சிலியில் லாஸ் கம்பானாஸ் மலையில் அந்தச் சூப்பர்நோவாவை இயன் ஷெல்டன் ஒளிப்படத் தகட்டில் கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னபோது, அதே இரவில் சற்று முன்னதாக வெளியே வந்த ஆஸ்கர் துஹால்தே அதை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, வேலை மும்முரத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தார் என்று அண்மையில்தான் படித்தேன். அவர் பேச்சைத் தகடு உறுதி செய்தது. உன்னிடம் தகடு இல்லை. என்னிடம் இருந்தது வாய் மட்டுமே. 39 ஆண்டுகளாக உன்னைப் பொய்யன் என்று சொல்லி வந்ததில் பாதியை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பாதிதான். மீதிப் பாதிக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். என் படத்தில், அந்த மேகத்துக்குள் இருக்கும் டராண்டுலா நெபுலா என்ற வாயுத்திரள் ஒரு சிவந்த முடிச்சாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ எழுபது படப்புள்ளிகள் (பிக்சல்) தள்ளி, சூப்பர்நோவா இருந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கிறேன். வட்டத்துக்குள் இப்போது என் கேமராவுக்கு எட்டக்கூடியது ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை இந்தக் கடிதத்துடன் வைக்கவில்லை. 1987இல் நாம் போன அந்த இரவு ஏழே முக்கால் மணிக்கு அந்த இடம் அகத்தியனுக்கு நேர் கீழே இருந்ததா, இடப்பக்கம் ஒதுங்கி இருந்ததா, வலப்பக்கமா என்பதைக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வரி ரசீதுடன் சேர்த்து ஜெபாவிடம் கொடுத்திருக்கிறேன். உன் விரல் எந்தப் பக்கம் நீண்டது என்பது அவனுக்கும் நினைவிருக்கிறதாம். எனக்குச் சொல்ல மறுக்கிறான்.

செயலி எதையும் திறக்காமல், மகனைக் கேட்காமல், வெளியே போய்ப் பார்க்காமல் (உன் ஊரில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், பார்த்தும் பயனில்லை) பதில் எழுது. தோற்பவர் ஒரு குலை மட்டிப்பழம் வாங்கித் தர வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்