ஆசிட் குடித்தவர்களுக்கு வீடு திரும்பிய பின்னும் சிகிச்சை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த கழிப்பறை ஆசிட்டைத் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிட்ட செய்தி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. குழந்தை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டது, உயிருக்கு ஆபத்து நீங்கிச் சில நாள்களில் வீடு திரும்பியது என்ற வரிசையில் எழுதப்படும் அச்செய்தி அத்துடன் நின்றுவிடும். வாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் சொல்கிறேன்: செய்தி நிற்கும் அந்த நாளுக்குப் பிறகுதான் உணவுக்குழாய் நோய் தன் வேலையைத் தொடங்குகிறது. இதைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் தெளிவாகக் கண்டறிந்து வைத்திருப்பவை வீடுகளுக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் இன்னும் சரிவரப் போய்ச் சேரவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொண்டைக்குக் கீழிருந்து இரைப்பை வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செல்லும் தசைக்குழாய் உணவுக்குழாய். காஸ்டிக் சோடா போன்ற காரம் அதன் உட்சுவரில் பட்டால் திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். கழிப்பறை கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ பட்ட இடத்தில் திசுவை உறையச் செய்து பொருக்காக்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்து, அமிலம் உணவுக்குழாயை விட்டுவிட்டு இரைப்பையையே பெரிதும் தாக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. மேலைநாடுகளில் குழந்தைகள் விழுங்கியவை பெரும்பாலும் காரப்பொருள்களே என்பதால் அமிலக் காயங்களை வரிசையாகப் பார்த்து ஆராயும் வாய்ப்பு அங்கே குறைவு. அந்த வேலையைச் செய்தவர்கள் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர்கள். ஸர்கார், கொச்சார் முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அமிலம் விழுங்கிய 41 பேரை உடனடியாக எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு இரைப்பையைப் போலவே உணவுக்குழாயும் வெந்துபோயிருந்தது. பழைய நம்பிக்கை பொய்த்தது.

அதே குழுவினர் 1991இல், 81 நோயாளிகளிடம் கண்டவற்றைக் கொண்டு காயத்தின் ஆழத்தை வகைப்படுத்தும் அளவுகோல் ஒன்றைத் திருத்தி அமைத்தார்கள். சிவந்து வீங்கியிருப்பது முதல் நிலை. மேலோட்டமான புண் 2-அ. ஆழமான புண்ணோ குழாயைச் சுற்றிவரும் புண்ணோ 2-ஆ. திசு செத்துக் கறுத்துப்போவது மூன்றாம் நிலை. 2-அ நிலை வரை உள்ளவர்கள் பின்விளைவு ஏதுமின்றித் தேறினார்கள் என்றும், 2-ஆ நிலையில் பெரும்பாலோருக்கும், மூன்றாம் நிலையில் உயிர் பிழைத்த அனைவருக்கும் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ தழும்பேறிச் சுருக்கம் உண்டானது என்றும் அவர்கள் பதிவு செய்தனர். இன்று உலகெங்கும் எண்டோஸ்கோப்பி அறிக்கைகளில் எழுதப்படும் அளவுகோல் இதுதான். நம் நாட்டு நோயாளிகளைக் கொண்டு நம் நாட்டு மருத்துவமனை ஒன்று உலகத்துக்கு அளித்த கொடை இது என்று நான் மதிக்கிறேன். இதன் பயன் மிக எளியது. முதல் ஒன்றிரண்டு நாள்களுக்குள் செய்யும் ஒரே பரிசோதனையில், யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம், யாரை மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்று பிரித்துவிடலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வெந்த திசு இளகிக் குழாய் கிழியும் அபாயம் கூடும் என்பதால், அந்த முதல் நாள்களைத் தவறவிட்டால் வாய்ப்புப் போய்விடும். வாயில் புண் இல்லை, ஆகையால் உள்ளேயும் ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்டுவதும் தவறு. வாய் சுத்தமாக இருந்தும் உணவுக்குழாய் வெந்துபோயிருந்த நோயாளிகளைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

அந்தப் பரிசோதனைக்கு முன்பே வீட்டில் செய்யப்படும் முதலுதவியே பல நேரங்களில் காயத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. உப்பைக் கரைத்துக் கொடுத்தோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எந்த விஷமானாலும் வெளியே வந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு அது. அமிலமும் காரமும் போகும் வழியில் ஒருமுறை சுட்டவை, வாந்தியாகத் திரும்பி வரும்போது அதே குழாயை இரண்டாம் முறை சுடும். மூச்சுக்குழலுக்குள் புகுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அமிலத்தை முறிக்கச் சோடா மாவு, காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு என்று ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைக் கொடுக்கவும் கூடாது. வாயை மட்டும் தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, வேறெதையும் விழுங்கக் கொடுக்காமல், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குச் செல்வதே சரி. மருத்துவமனையிலும் மூக்கு வழியாகக் கண்மூடித்தனமாகக் குழாயைச் செலுத்தி வயிற்றைக் கழுவக் கூடாது.

இனி வீடு திரும்பிய குழந்தையின் கதைக்கு வருகிறேன். ஆழமான புண் ஏற்பட்டவர்களுக்கும் சில நாள்களில் வலி தணியும், எச்சில் இறங்கும், கஞ்சி குடிப்பார்கள். குடும்பத்தினருக்குக் கண்டம் கழிந்தது என்ற ஆறுதல் உண்டாகும். உள்ளேயோ வெந்த சுவரில் புதுத் திசு வளர்ந்து, மூன்றாவது வாரத்திலிருந்து இறுகித் தழும்பாகத் தொடங்கும். சுருக்கம் ஏற்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டு மாதங்களுக்குள் தெரிந்துவிடுகிறது. தெரிகிற விதம்தான் ஏமாற்றுவது. குழந்தை முதலில் தோசையைக் கண்டால் முகத்தைத் திருப்பும்; பிறகு இட்லியைப் பாலில் ஊறவைத்தால் மட்டும் சாப்பிடும்; பிறகு ரசம் சாதத்தைக் குழைத்துப் பிசைந்தால்தான் இறங்கும்; கடைசியில் பாலும் தண்ணீருமே உணவாகும். அடம் பிடிக்கிறது, பயந்துபோயிருக்கிறது, வெயிலுக்குப் பசிக்கவில்லை என்று பெற்றோர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். எச்சிலும் இறங்காத நிலையில், எலும்பும் தோலுமாக அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் மீண்டும் மீண்டும் கண்ட காட்சி இது. எந்தத் தாயையும் இதற்காகக் குறை சொல்ல முடியாது; மூன்று வாரத்தில் திரும்ப வாருங்கள் என்று யாராவது அவரிடம் அழுத்திச் சொல்லியிருந்தார்களா என்பதே கேள்வி. ஆழமான காயம் என்று எண்டோஸ்கோப்பியில் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரும், எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும், மூன்றாவது வாரத்தில், பேரியம் என்ற வெண்கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். புதிய தழும்பு இளக்கமாக இருக்கும்போது பலூனாலோ விரிப்பான் குழலாலோ விரித்துவிடுவது, மாதங்கள் கடந்து கெட்டிப்பட்ட தழும்போடு போராடுவதைவிடப் பன்மடங்கு எளிது.

அமிலத்தைப் பொறுத்தவரை இரைப்பையையும் மறக்கக் கூடாது. உணவு நன்றாக இறங்குகிறது, ஆனால் சாப்பிட்டதெல்லாம் சில மணி நேரம் கழித்துச் செரிக்காமல் வாந்தியாக வருகிறது என்றால் இரைப்பையின் கீழ்வாய் சுருங்கியிருக்கக்கூடும். புதுச்சேரி ஜிப்மரில் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான அறுவை சிகிச்சைக் குழுவினர், இவ்வகை நாள்பட்ட இரைப்பைக் காயங்களுடன் வந்த 109 பேருக்கு 30 ஆண்டுகளில் அளித்த சிகிச்சையை 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையின் ஒரே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சுருக்கம் உண்டாகாமலே தடுக்க முடியாதா என்று கேட்பது இயல்பு. தழும்பேறுவதைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து ஸ்டீராய்டு மருந்து நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 18 ஆண்டுகள் பொறுமையாக நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற 31 குழந்தைகளில் 10 பேருக்கும், பெறாத 29 பேரில் 11 பேருக்கும் சுருக்கம் வந்தது. அதாவது சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு துருக்கியில் 83 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வு, 2-ஆ நிலைக் காயத்தில் மட்டும், அதிக அளவில் மூன்று நாள் கொடுத்தால் பயன் உண்டு என்று கண்டது. வல்லுநர்களிடையே இதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காயத்தின் நிலையைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, சிகிச்சை முடிந்தது என்று அனுப்பிவைப்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளில் எதுவும் ஆதாரமாகாது என்பது மட்டும் என் கருத்து.

பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சென்ற சில ஆண்டுகளில் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு, குடித்த சில மணி நேரத்திலேயே, படத்தில் தெளிவாகத் தெரிய உதவும் மருந்தைச் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தால், சுவர் முழுவதும் செத்துப்போன இடத்தை எண்டோஸ்கோப்பியைவிட நம்பகமாக அறியலாம் என்றும், அதனால் தேவையற்ற பெரிய அறுவை சிகிச்சைகளைத் தவிர்க்கலாம் என்றும் அவர்கள் நிறுவினார்கள். இரவு நேரத்தில் எண்டோஸ்கோப்பி மருத்துவர் கிடைக்காத ஊரிலும் சி.டி. கருவி இயங்குவது உண்டு என்பதால், நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் கருத வேண்டியிருப்பதால் எண்டோஸ்கோப்பியே முதன்மையாக நீடிக்கிறது.

ஒருமுறை சுருக்கம் ஏற்பட்டுவிட்டால் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், மீண்டும் மீண்டும் விரித்துவிட வேண்டியிருக்கும். எகிப்தில் 40 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், விரித்த இடத்தில் மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவியபோது குட்டையான சுருக்கங்கள் நன்றாக ஆறின. எதற்கும் வழிவிடாத சுருக்கத்துக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்துப் புது உணவுக்குழாயாகப் பொருத்தும் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும். இவ்வளவும் கடந்து வாழ்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. காரம் விழுங்கியதால் வந்த உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் 63 பேரைப் பற்றி பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து 1980இல் வெளியான ஆய்வு, விழுங்கியதற்கும் புற்றுநோய் வந்ததற்கும் இடையே சராசரியாகச் சுமார் 40 ஆண்டுகள் கழிந்திருந்ததைக் காட்டியது. காயம் பட்ட 15, 20 ஆண்டுகளுக்குப் பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் கூறுவது இதனால்தான். ஐந்து வயதில் நடந்த விபத்தின் மருத்துவச் சீட்டை நாற்பத்தைந்து வயது வரை யார் பத்திரப்படுத்தி வைப்பார்கள்?

பெரியவர்களில் பலர் இதைத் தவறுதலாகக் குடிப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனமுடைந்த ஒரு பொழுதில் குடித்துவிட்டு, உயிர் பிழைத்த பிறகு, மருத்துவமனையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு வெட்கப்பட்டே மறுபரிசோதனைக்கு வராமல் போகிறார்கள். தொண்டையைப் பார்க்கும் மருத்துவரோடு மனநல மருத்துவரும் அவர்களைப் பார்க்க வேண்டும். கண்டிக்கும் குரல் அவர்கள் காதில் விழக் கூடாது. அத்தகைய எண்ணம் வருபவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சிகிச்சையைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், பாட்டிலைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. பிலடெல்பியாவில் உணவுக்குழாய் மருத்துவத்தின் முன்னோடியாக விளங்கிய செவாலியர் ஜாக்சன், காரம் விழுங்கிச் சுருக்கம் வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்ததோடு நில்லாமல், அப்பொருள்கள் மீது விஷம் என்று அச்சிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927இல் அமெரிக்கா அதற்குச் சட்டம் இயற்றியது. குழந்தைகள் திறக்க முடியாத மூடியை வலியுறுத்தும் சட்டம் அங்கே 1970இல் வந்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 18.7.2013 அன்று அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அமில வீச்சுக் கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது. ஆனாலும் கேன்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஆசிட், பினாயில் என்று கூவி வருபவரிடம் நாம் இன்றும் காலியான தண்ணீர் பாட்டிலை நீட்டித்தான் வாங்குகிறோம். நிறமற்ற ஆசிட், பெயர் ஒட்டாத பாட்டில், குழந்தையின் கைக்கு எட்டும் குளியலறை மூலை என்ற மூன்றும் சேரும் வீடுகள் எல்லாத் தெருக்களிலும் இருக்கின்றன. சில்லறையாக ஊற்றி விற்பதை உள்ளாட்சி அமைப்புகள் தடுத்து, முத்திரையிட்ட, இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் மட்டுமே விற்க வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவர வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது, ஆசிட் குடித்துச் சேர்க்கப்படுபவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் காயத்தின் நிலையையும் மூன்றாவது வாரத்தில் வரவேண்டிய தேதியையும் கட்டாயம் எழுத வேண்டும், வராதவரைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியாகத் தேடிப்போக வேண்டும் என்பதுதான். தாய்மார்களின் பேறுகால வருகைகளையும் குழந்தைகளின் தடுப்பூசிகளையும் வீடு வீடாகக் கணக்கில் வைத்திருக்கும் துறைக்கு இது புதுச் சுமையாக இராது. தங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. இத்தகைய செய்தியை வெளியிடும்போதெல்லாம், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூன்று வாரத்தில் மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள் என்ற இரண்டு வரிகளை அதன் கீழே சேர்த்து அச்சிடுங்கள். வாய்ப்பிருந்தால், இரண்டு மாதம் கழித்துத் தங்கள் செய்தியாளர் அந்த வீட்டுக்கு மீண்டும் சென்று குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.