குதிரையில் இருக்கும் மூன்று பேர்

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோ காலில் தம்பி கேட்டது காதிலேயே நிற்கிறது. உங்கள் அட்லாண்டா பக்கத்து ஸ்டோன் மவுண்டன் மலையில் எடுத்த போட்டோவைக் காட்டி, “அம்மாச்சி, குதிரையில இருக்கிற இந்த மூணு பேரு யாரு?” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அடுப்படியிலிருந்து, “யாரோ அந்தக் காலத்து ராஜாங்கடா” என்று சொல்லிவிட்டாய். அவனும் சரி என்று விளையாடப் போய்விட்டான்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. 2018 கோடையில் அதே மலையடிவாரப் புல்தரையில் போர்வை விரித்து உங்களோடு நானும்தானே உட்கார்ந்திருந்தேன். தம்பி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், மூன்று மாதக் குழந்தை. இருட்டியதும் லேசர் வெளிச்சம் மலைமேல் விழுந்தது. பாறையில் செதுக்கியிருந்த குதிரைகள் எழுந்து ஓடுவதுபோல் காட்டினார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. நானும் கைதட்டினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தினவள், அந்த மூவர் யார் என்று யாரையும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து, ரிட்டயர் ஆனவளுக்குப் பொழுது நிறைய இருந்ததால், ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தபிறகுதான் அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்தியது.

அவர்கள் ராஜாக்கள் இல்லை, பாப்பா. ஜெபர்சன் டேவிஸ், ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவரும் அவருடைய இரண்டு தளபதிகளும். அந்த உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அவர்களுக்குச் சிலை செதுக்க ஆரம்பித்தது 1923-ல். பாதியில் நின்ற வேலையை, 1958-ல் ஜார்ஜியா மாநில அரசு மலையையே வாங்கி, 1964-ல் மறுபடி தொடங்கி, 1972-ல் முடித்தது. வருஷங்களைக் கவனித்துப் பார். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954. சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964. நாடு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கல்லில் உளி விழுந்தது. செத்தவர்களை நினைவுகூர மட்டும் செதுக்கியது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த மலைக்கும் ஒரு சினிமாவுக்கும் தொடர்பு உண்டு. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறேன்.

1915-ல் கிரிஃபித் என்பவர் எடுத்த ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற மௌனப் படம் வந்தது. மூன்று மணி நேரப் படம். அமெரிக்கா அதுவரை பார்க்காத பிரமாண்டம். வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். அதில், விடுதலையான கறுப்பின மக்கள் வெறியர்கள், வெள்ளைப் பெண்களைத் துரத்துகிறவர்கள். அவர்களை அடக்கிப் பெண்களைக் காப்பாற்ற முகமூடி போட்டுக் குதிரையில் வருகிறவர்கள் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் வீரர்கள். கதை அதுதான். முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் நடித்தவர்கள் யார் தெரியுமா? முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள். கறுப்பின அமைப்புகள் ஊர் ஊராகத் தடை கேட்டுப் போராடின. அதையும் மீறிப் படம் ஓடு ஓடு என்று ஓடியது.

உண்மையான கிளான் அப்போது செத்துப்போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் படம் அட்லாண்டாவுக்கு வரப்போகிறது என்ற பரபரப்பில், 1915 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் இரவு, வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் சிலபேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோன் மவுண்டன் உச்சிக்கு ஏறினார். அங்கே ஒரு சிலுவையைக் கொளுத்தி கிளானை மறுபடி தொடங்கினார். பழைய கிளான்காரர்கள் சிலுவை கொளுத்தியதே இல்லை. அது ஒரு நாவலாசிரியரின் கற்பனையில் பிறந்து, அங்கிருந்து திரைக்கு வந்து, திரையிலிருந்து அந்த மலைக்கு வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் அந்த அமைப்பில் பத்து லட்சக்கணக்கில் ஆட்கள். சினிமா சமூகத்தின் கண்ணாடி என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இதைப் படித்தபிறகு அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை. பார்க்கிற கண்ணையே அது செய்துகொடுத்துவிடுகிறது.

என் கண்ணையும் செய்திருக்கிறது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. தம்பி பிறப்பதற்கு முன்னால், ஒருநாள் நானும் மாப்பிள்ளையும் உன் ஊர் மார்ட்டா ரயிலில் போனோம். எதிர் சீட்டில் ஒரு கறுப்பினப் பையன் வந்து உட்கார்ந்தான். கல்லூரிப் பை, காதில் ஹெட்போன். நான் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கதவுப் பக்கம் நின்றுகொண்டான். பெட்டி முழுக்க சீட் காலியாக இருந்தது, பாப்பா. இறங்குகிறவரை நின்றுகொண்டே வந்தான்.

அதுவரை என் வாழ்க்கையில் ஒரு கறுப்பின மனிதரிடம்கூட நான் பேசினதில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது அந்தப் பயம்? நம் வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ் பேசி ஓடிய இங்கிலீஷ் படங்களிலிருந்து. அதில் யார் துப்பாக்கி வைத்திருந்தார்கள், யார் கஞ்சா விற்றார்கள், யார் முதலில் செத்தார்கள் என்று யோசித்துப் பார். 1915-ல் கரி பூசி எடுத்த ஒரு பயம் கைமாறிக் கைமாறி மதுரைக்காரி ஒருத்தியின் கைப்பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தம்பி பிறந்த அன்று நம் சொந்தக்காரர்கள் போனில் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை நல்ல கலரா?” நானும் சந்தோஷமாக, “நல்ல கலர்” என்றேன். இரண்டையும் நான் தனித்தனியாக வைத்துப் பார்க்க முடியவில்லை.

உன் ஊரில் இன்னொரு சினிமாக் கதை நடந்தது. 1939 டிசம்பரில் ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் முதல் காட்சி அட்லாண்டா பீச்ட்ரீ தெருவில். அன்று மாநில விடுமுறையே விட்டார்கள். நடிகர்களைப் பார்க்கத் தெருவெல்லாம் ஜனம். அந்தப் படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் வரவில்லை. கறுப்பினத்தவர் அந்தத் தியேட்டருக்குள் மற்றவர்களோடு உட்கார முடியாது. அடிமைகளாக இருந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர் அவர். மறு வருஷம் பிப்ரவரி 29 அன்று ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அந்த விருது விழாவிலும் அவருக்குச் சுவர் ஓரமாகத் தனி மேஜைதான். நடந்துவந்து பரிசை வாங்கிக்கொண்டு அதே மேஜைக்குத் திரும்பியிருக்கிறார்.

அட்லாண்டாவில் அந்த முதல் காட்சிக்கு முந்தின நாள் ஒரு பெரிய விருந்து. வெள்ளைக்காரர்கள் மட்டும். அவர்களுக்குப் பாட்டுப் பாட எபனேசர் என்ற கறுப்பினத்தவர் சர்ச்சின் பாடகர் குழுவைக் கூப்பிட்டார்கள். அடிமைகள் மாதிரி உடுத்திக்கொண்டு நின்று பாடிய பிள்ளைகளில் பத்து வயசுப் பையன் ஒருவன் இருந்தான். மார்ட்டின் லூதர் கிங். தம்பியைவிட மூன்று வயசுதான் பெரியவன். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன்தான் 1963-ல் வாஷிங்டனில் லட்சக்கணக்கானவர்கள் முன்னால் நின்று, ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனிலிருந்தும் விடுதலை ஒலிக்கட்டும் என்று அந்த மலையின் பேரைச் சொல்லிக் கேட்டான்.

எல்லாம் இருட்டு என்று நினைத்துவிடாதே. கறுப்பின சூப்பர் ஹீரோ படமான ‘பிளாக் பாந்தர்’ பார்க்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ நிறைமாதம், உட்கார முடியாது என்று வீட்டில் இருந்துவிட்டாய். நானும் மாப்பிள்ளையும் போனோம். எனக்கு நம் ஊர் தீபாவளி முதல் காட்சி மாதிரி இருந்தது. கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாகப் பளபளவென்று ஆப்பிரிக்கத் துணிகளில், தலையில் துணி சுற்றி, பேரன் பேத்திகளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தியேட்டருக்கு வெளிப்பக்கப் படிக்கட்டு ஏறி, மேலே கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பால்கனியில்தான் படம் பார்த்தாராம். மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். படம் ஓடும்போது அந்த அம்மா திரையைவிட அதிகமாகத் தன் பேரன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர் ஹீரோ படமெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அந்தப் படத்தையும் பெரும்பாலும் உன் ஊரில்தான் எடுத்தார்கள். டைலர் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞர், அங்கே பழைய ராணுவ முகாம் ஒன்றை வாங்கி ஸ்டூடியோ ஆக்கி, ஒவ்வொரு படப்பிடிப்புத் தளத்துக்கும் சிட்னி பாய்ட்டியர், சிசிலி டைசன் என்று கறுப்பினக் கலைஞர்கள் பேரை வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளை காரில் போடும் ராப்பை “ரவுடிப் பாட்டு” என்று நிறுத்தச் சொல்வாயே. கெட்ட வார்த்தை தம்பி காதில் விழ வேண்டாம் என்பதில் நான் உன் பக்கம்தான். ஆனால் அது ரவுடிகளின் சத்தம் மட்டும் இல்லை. 1995-ல் நியூயார்க்கில் ஒரு விருது மேடையில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவைக் கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. அவர்களில் ஒருவர், ஆந்த்ரே, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். இன்று அந்த இசையின் தலைநகரமே உன் ஊர். அதே ஊர் நீதிமன்றத்தில் யங் தக் என்ற பாடகர் மீது நடந்த வழக்கில் அவர் பாடிய வரிகளையே சாட்சியாகப் படித்தார்கள். கடைசியில் சில குற்றங்களை அவர் ஒப்புக்கொண்டார், 2024-ல் வெளியே வந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கொலையைப் பற்றி நாவல் எழுதுகிறவரை யாரும் அதற்காகக் கூண்டில் ஏற்றுவதில்லை. இவர்கள் பாட்டை மட்டும் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

2020 மே கடைசியில், மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாயிட் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்துக் கொன்ற அந்த வாரம், உன் ஊரிலும் தெருவில் நெருப்பு. நீ போனில் அழுதாய். ஜன்னலைச் சாத்து, வெளியே போகாதே என்றேன். தாய் வேறென்ன சொல்வாள்? நம் டிவியில் எரிகிற காரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே ராத்திரி கில்லர் மைக் என்ற ராப் பாடகர், அட்லாண்டா போலீஸ்காரர் ஒருவரின் மகன், மேயர் பக்கத்தில் நின்று கண் கலங்கி, உங்கள் வீட்டை நீங்களே கொளுத்தாதீர்கள், திட்டமிடுங்கள், ஒன்று சேருங்கள் என்று பேசினார். அதை நான் பல மாதம் கழித்துத்தான் கேட்டேன். அன்றைக்கே கேட்டிருந்தால் உன்னிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

“நமக்கு எதுக்கும்மா இவங்க சண்டை” என்று நீ ஒருதடவை கேட்டாய். 1965-க்கு முன்னால் இந்தியாவிலிருந்து குடியேற வருஷத்துக்கு 100 பேருக்குத்தான் அமெரிக்காவில் இடம். நாடு பார்த்து, இனம் பார்த்து ஆளை அளந்த அந்தச் சட்டம் அந்த வருஷம் அக்டோபரில் மாறியது. அதே வருஷம் ஆகஸ்டில்தான் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அடிபட்டு, நாய்க்கடி பட்டு, சிறை போய், செத்து, அவர்கள் நெம்பித் திறந்த கதவு அது. அந்த வழியாகத்தான் நீ போனாய், மாப்பிள்ளை போனார், ஆறு மாத விசாவில் உனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க நானும் வந்தேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், செய்வாயா? வருகிற சனிக்கிழமை தம்பியை ஆபர்ன் அவென்யூவுக்குக் கூட்டிப்போ. கிங் பிறந்த வீடு, எபனேசர் சர்ச், தண்ணீருக்கு நடுவில் இருக்கிற சமாதி, எல்லாம் நடக்கிற தூரம்தான். காசும் வாங்குவதில்லை. அந்தச் சர்ச்சுக்குள் உட்கார்ந்து, குதிரைமேல் இருக்கிற மூணு பேர் யார் என்று சொல்லிக்கொடு. மனுஷங்களை விலைக்கு வாங்கி விற்கலாம் என்பதற்காகச் சண்டை போட்டுத் தோற்றவர்கள் என்று சொல்லு, ஏழு வயசுக்குப் புரியும். அப்புறம், அடிமை வேஷம் போட்டு நின்று பாடின பத்து வயசுப் பையனைப் பற்றியும் சொல்லு.

அதற்கு அவன் என்ன கேட்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்குச் சொல்லு. பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அம்மா