மாப்ளே, முதலில் அந்தக் கயிற்றை மாட்டு

ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு ப்ளஸ் டூ பரீட்சை நெருங்குவதால் வீட்டில் டி.வி. கிடையாது, சத்தம் கிடையாது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டீச்சர் சொன்னார். பொங்கலுக்கும் எழுதவில்லை என்று தங்கச்சி கோபமாக இருப்பாள். அவளிடம் நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

நேற்று வெல்டிங் மாமா கடையில் உட்கார்ந்திருந்தேன். உன் படகு மோட்டாருக்கு நீயும் நீளக் கைப்பிடி போட்டுவிட்டாய் என்று சொல்லி, நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினார். நான் சொன்ன விஷயத்தை நீ செய்து பார்த்திருக்கிறாய் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள் விழுந்தால் சுவிட்சை இழுத்து மோட்டாரை நிறுத்துகிற அந்தச் சிவப்புக் கயிறு, மோட்டாரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. உன் இடுப்பிலும் இல்லை, மணிக்கட்டிலும் இல்லை. போனில் சொன்னால் ‘சரி மச்சான், சரி மச்சான்’ என்று சொல்லிவிட்டு நீ வேறு கதைக்குத் தாவிவிடுவாய். கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் நீ. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்லதைப் பேசுவோம். மோட்டாரைத் திருப்புகிற பிடியில் ஒரு குழாயை மாட்டி நீட்டினால், பின்னால் உட்காராமல் நடுப்பலகையிலிருந்தே ஓட்டலாம். இந்தக் கைப்பிடியைப் பற்றி எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. நம் ஏரியின் மீட்புப் படகு எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். 12 அடி ஃபைபர், 8 எச்.பி. மோட்டார். மோட்டாரே கிட்டத்தட்ட 40 கிலோ. அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் டேங்க், அதற்குப் பக்கத்தில் ஓட்டுகிற ஆள். மொத்தக் கனமும் பின்னால் ஒரு மூலையில். ஆக்சிலேட்டரை முறுக்கினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் தண்ணீரில் உட்காரும், மோட்டாரின் சக்தியெல்லாம் தானே கிளப்பிய அலையைத் தானே ஏறுவதில் போய்விடும். உன் ஊர் பழவேற்காட்டில் இதைப் பெரிதாக நினைக்கமாட்டாய். இங்கே மேலே நிலைமை வேறு. ஊட்டி 2,240 மீட்டர். நம் ஏரி அதைவிடக் கொஞ்சம் இறக்கம் என்றாலும் 2,000 மீட்டருக்கு மேல்தான். ஆயிரம் அடி ஏறினால் இன்ஜின் சக்தியில் நூற்றுக்கு மூன்று பங்கு குறையும் என்று மெக்கானிக்குகள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நம் 8 எச்.பி.யில் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. பின்னால் கனத்தையும் ஏற்றி வைத்தால் அந்த மோட்டார் என்னதான் செய்யும்?

நான் நடுப்பலகைக்கு வந்து உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிட்டது. மோட்டார் அதேதான், தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறி அதேதான், பெட்ரோலும் அதேதான். முறுக்கினால் அணியம் கொஞ்சம் தூக்கும், பிறகு தானாக இறங்கிவிடும். இறங்குகிற நேரத்தில் சத்தமே மாறும், கவனித்தாயா? அதுவரை அடியில் தொப்புத் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்த தண்ணீர், சர்ரென்று ஒரே சீராக ஓட ஆரம்பிக்கும். பின்னால் எழுகிற அலை தாழ்ந்து தட்டையாகிவிடும். அந்த இடம் வந்ததும் கையைக் கொஞ்சம் தளர்த்தலாம், படகு வேகம் குறையாமல் போகும். முன்னால் போகிற மிதிபடகும் இப்போது தெரிகிறது. முன்பு அணியத்துக்குப் பின்னால் குழந்தைகள் இருக்கும் படகே மறைந்துவிடும். கழுத்தை நீட்டி, எழுந்து எழுந்து பார்த்துத்தான் ஓட்டுவோம். இடுப்பும் முழுநேரம் திருகிக்கொண்டே இருக்கும், ஒரு கை பின்னால், முகம் முன்னால். அந்த வலி உனக்குத் தெரியாததா? நீ இந்த வேலையை விட்டு ஊருக்குப் போனதே பாதி அதனால்தானே. இப்போது நான் நேராக உட்கார்ந்து ஓட்டுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடிகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் புதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். கூடலூர்க்காரன், நல்ல பையன், படகு கையில் நன்றாகப் படிகிறது. மத்தியானம் காற்று ஏறிய நேரம், படகைச் சும்மா ஒரு சுற்று எடுத்துப் போனான். நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். பழைய கயிறு அவ்வளவு தூரம் எட்டாது, அதனால் மாட்டாமல் விட்டுவிட்டான். அக்கரையில் வேகத்தோடு திருப்பியபோது குழாய் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. அவன் முழுக்கனமும் அந்தக் குழாயில் சாய்ந்திருந்தது. அப்படியே மல்லாந்து தண்ணீருக்குள் போய்விட்டான்.

பைக்கில் கையை விட்டால் ஆக்சிலேட்டர் தானே இறங்கிவிடும். இந்த மோட்டாரில் இறங்காது, வைத்த இடத்தில் நிற்கும். ஆள் இல்லாத படகு அதே வேகத்தில் ஓடியது. நேராக ஓடியிருந்தால் பரவாயில்லை. பிடிக்க ஆள் இல்லாவிட்டால், விசிறி சுற்றுகிற இழுப்பிலேயே மோட்டார் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் படகு வட்டம் போடும், விழுந்தவன் கிடக்கிற இடத்துக்கே திரும்பித் திரும்பி வரும். நாங்கள் இந்தக் கரையில் நின்று பார்த்தோம். பையன் லைஃப் ஜாக்கெட்டில் மிதக்கிறான், படகு அவனைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அணியம் அவன் பக்கம் திரும்பும்போது என் வயிறு கலங்கியது. மாப்ளே, வாய்விட்டுக் கத்தத் தவிர எங்களால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. காற்று வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் படகு கரையோரச் சேற்றில் ஏறி நின்றது. துடுப்புப் படகில் போய்ப் பையனைத் தூக்கினோம். உதடு நீலம், உடம்பு நடுக்கம், ஒரு கீறல்கூட இல்லை. அவன் அம்மாவிடம் போனில் பேசியபோது எனக்குக் குரல் வரவில்லை.

நல்லவேளை, அவனுக்கு நாங்கள் இத்தனை பேர் கரையில் இருந்தோம். நீ விடியற்காலையில் தனியாகப் போகிறாய், நண்டு வலையை இழுக்க. உன்னைச் சுற்றிப் பூநாரைக் கூட்டம் மட்டும்தான் இருக்கும். நீச்சல் தெரியும் என்று சொல்லாதே. நீச்சல் தெரிந்தவனைத் தேடித்தான் அந்த விசிறி வருகிறது.

நீளக் கைப்பிடியோடு வருகிற சிக்கலே இதுதான். மோட்டாரோடு கொடுக்கிற கயிறு, பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்காகச் செய்தது. நீ மூன்று அடி முன்னால் வந்துவிட்டால் கயிறு எட்டாது. எட்டாததை யாரும் மாட்டமாட்டார்கள். சிலர் அதைக் குழாயிலேயே கட்டிவிடுகிறார்கள், அதுபோல ஆபத்து வேறு இல்லை. ஆள் விழுந்த பிறகும் குழாய் படகில்தானே இருக்கும், மோட்டார் எப்படி நிற்கும்? கயிறு உன் உடம்பில் இருக்க வேண்டும், தொடையிலோ லைஃப் ஜாக்கெட் வளையத்திலோ. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைவான படகை வேகமாக ஓட்டுகிறவர்கள் இந்த சுவிட்சோடு தங்களை இணைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

உனக்கு நீளமான கயிறு வேண்டும். காசிமேட்டுப் பக்கம் படகு சாமான் கடைகளில் கேட்டுப் பார். போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போ, சுவிட்சில் மாட்டுகிற கிளிப்பின் வடிவம் மோட்டாருக்கு மோட்டார் மாறும். நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டாதே, நனைந்தால் முடிச்சு நழுவும். ரொம்ப நீளமும் வேண்டாம். நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வசதியாகத் திருப்ப எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். மிச்சம் இருந்தால், நீ விழுந்து, படகு கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் கிளிப் கழலும்.

இனி குழாய். போட்டோவில் பார்த்த குழாய் எனக்குச் சரியாகப் படவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பிவிசி போட்டிருக்கிறாய். இங்கே ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் பிவிசி விறைத்து, தட்டினால் தெறித்துவிடும். அதனால் நான் அலுமினியத்துக்கு மாறினேன். உன் ஊரில் குளிர் இல்லை, ஆனால் நாளெல்லாம் வெயிலில் கிடந்தாலும் பிவிசி கெட்டுப்போகும். இப்போதைக்கு இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்று. பிடியில் ஏறுகிற முனையை எதிரெதிராக இரண்டு இடத்தில் விரற்கடை நீளத்துக்குப் பிளந்திருப்பாய். அது போதாது, பிடியின் முழு நீளத்துக்கும் பிள. உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு சுற்று, வெளியே ஒன்றுக்கு இரண்டு ஹோஸ் கிளிப், ஸ்க்ரூடிரைவரால் முறுக்கு. நீ ஒரு கிளிப்தான் போட்டிருக்கிறாய். இங்கே பையன் கையோடு உருவிக்கொண்டு வந்ததும் ஒரே கிளிப்தான், மாப்ளே.

இன்னொன்று. முறுக்குகிற பிடிக்கு மேல் மட்டும் குழாய் இருக்க வேண்டும். அதைத் தாண்டி, சுற்றாத பாகத்தில் குழாய் உரசினால் ஆக்சிலேட்டர் பாதியில் மாட்டிக்கொள்ளும். நிறுத்துகிற பட்டன் கைப்பிடியின் நுனியில் இருக்கிற மோட்டார்களும் உண்டு. உன்னுடையது அப்படியா என்று போட்டோவில் தெரியவில்லை. அப்படி இருந்தால் குழாய் அந்தப் பட்டனையே மூடிவிட்டது, குழாயைக் கழற்றாமல் கை அங்கே போகாது.

நீளத்தைப் பொறுத்தவரை, உன் குழாய் நாலடி இருக்கும் போலிருக்கிறது. அத்தனை வேண்டாம். கரையில் நிறுத்தி வைத்து, நீ உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, மோட்டாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார். குழாய் உன் வயிற்றில் முட்டினாலோ, கையைப் படகுக்கு வெளியே நீட்டினால்தான் முழுக்கத் திரும்பும் என்றாலோ அறுத்துவிடு. எனக்கு இரண்டரை அடி சரியாக வந்தது.

உன் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, இங்கே ஆழத்தில் ஓட்டுகிற எனக்கு அது வராது. பழவேற்காட்டில் பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. மோட்டாரின் அடி மணலில் இடித்தால் கீழ்ப்பாகம் பின்னால் எகிறும், கைப்பிடி கீழே இறங்கும். கைப்பிடி எவ்வளவு நீளமோ, நுனி அவ்வளவு வேகமாக இறங்கும், நேராக உன் தொடைமேல். குழாய்க்குக் கீழே பலகையோ கூடையோ இருந்தால் அதில் முட்டிக்கொள்ளும், மோட்டாரால் எகிற முடியாது. அப்புறம் கைப்பிடி ஒடியும், இல்லையென்றால் பின்பலகை விரியும். அதனால் குழாய்க்கு அடியில் எப்போதும் வெறும் இடமாக இருக்கட்டும், நண்டுக் கூடையை அங்கே வைக்காதே. மேடு பார்க்க எழுந்து நின்று ஓட்டுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? நின்றால் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட்டு நில். தடுமாறினால் குழாயைப் பிடித்துக்கொள்ளாதே. அது கைப்பிடிக் கம்பி இல்லை, நீ பிடித்து இழுத்தால் படகு திரும்பிவிடும், நீ வெளியே போய்விடுவாய். கியரும் பின்னாலேயே மோட்டாரில்தான் இருக்கிறது, நியூட்ரலுக்கு வர நீ எழுந்து பின்னால் போயாக வேண்டும். கரைக்குக் கிட்டே வரும்போது முன்கூட்டியே பின்னால் போய் உட்கார்ந்துகொள்.

கயிறு வந்ததும் துறையிலேயே படகைக் கட்டி, மோட்டாரை ஓடவிட்டு, கயிற்றை இழுத்துப் பார். உடனே நிற்க வேண்டும். தினமும் காலையில் கிளம்பும் முன் இதைச் செய். நாங்கள் இப்போது பையனிலிருந்து பெரியவர் வரைக்கும் எல்லாரும் செய்கிறோம், செய்யாதவனுக்குச் சாவி கிடையாது. காசிமேட்டில் கிடைக்கவில்லை என்றால் கயிற்றுக் கிளிப்பின் போட்டோ அனுப்பு, நான் கோயம்புத்தூரில் தேடி கூரியர் பண்ணுகிறேன். அதுவரைக்கும் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி பின்னால் உட்கார்ந்து, பழைய கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓட்டு. இடுப்பு வலித்தால் வலிக்கட்டும். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

மற்றபடி, பெரியவர் மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். வழியனுப்பு விழாவில் நீ இல்லாமல் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். வந்தால் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா, தங்கச்சியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா. மலையேற இ-பாஸ் முன்னாலேயே எடுத்துவிடு, போன தடவை கல்லாரில் நீ போட்ட சண்டையை டிரைவர் அண்ணன் இன்னும் நடித்துக் காட்டுகிறார். அத்தைக்குப் பிடிக்கும் என்று வர்க்கி ஒரு பெட்டி டீச்சரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாதி உடைந்துதான் வரும், டீயில் முக்கினால் ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
மச்சான்