கொடைக்கானல் ஏற்றத்தில் லாரியை ஓரங்கட்டி இறங்கி வந்த பெரியவருக்கு

ஐயா, நான்கு மாதமாக என் பழைய டீசல் பிக்கப் ஏற்றத்தில் திடீரெனத் திணறும்; சற்று நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். பட்டறையில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஃபில்டர், இன்ஜெக்டர் என்று பணம்தான் கரைந்தது.

நீங்கள் முதலில் கேட்டது: "டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்போதுதானே?" உண்மை. நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் டியூபை இணைத்தீர்கள். டீசலோடு குமிழ்கள் வரிசையாக ஓடின. ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் மயிரிழை விரிசல்! பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே சொட்டாமல் காற்றை மட்டும் இழுத்திருக்கிறது.

நுனியை வெட்டி மாட்டி, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, தேநீர்க் காசுகூட வாங்காமல் போய்விட்டீர்கள். மூன்று வாரமாக வண்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. பெயரைக் கேட்காமல் விட்டது உறுத்துகிறது. மனமார்ந்த நன்றி ஐயா.